முகாம் ஊருக்கு வெளியே இல்லை: ஹாம்பர்க் நகரமும் நொயன்காமே கைதிகளும்

2020 ஜூலையில் ஹாம்பர்க் நீதிமன்றம் ஒன்று 93 வயது முதியவர் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. இரண்டாம் உலகப் போரின்போது, பதினேழு வயதில், ஹிட்லரின் நாஜி அரசு நடத்திய ஸ்டுட்ஹோஃப் வதைமுகாமில் காவலராக நின்றவர் அவர். 5,232 கொலைகளுக்கு உடந்தை என்பது குற்றச்சாட்டு. இரண்டாண்டு சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. 2022 டிசம்பரில் ஹாம்பர்க்குக்கு அருகிலுள்ள இட்சஹோ நகரில் 97 வயது மூதாட்டி ஒருவருக்கும் ஏறக்குறைய அதே தீர்ப்பு. அவர் அதே முகாமின் அலுவலகத்தில் செயலராக இருந்தவர்.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இவ்வளவு காலம் கழித்து ஏன்? இது முதல் கேள்வி. இரண்டாவது: முகாம்கள் எங்கோ போலந்துக் காடுகளில் இருந்தன, ஜெர்மனியின் நகரங்களில் வாழ்ந்த சாதாரண மக்களுக்கு அதில் என்ன பங்கு?

முதல் கேள்வி சட்டம் சார்ந்தது. இக்கட்டுரை இரண்டாவதை எடுத்துக்கொள்கிறது. அதற்கான பதில் அந்தத் தீர்ப்பு வழங்கப்பட்ட ஹாம்பர்க்கிலேயே கிடக்கிறது. அந்த நகரம் தன் ஓரத்திலேயே இருந்த நொயன்காமே என்ற வதைமுகாமுக்குக் கடன் கொடுத்தது. கைதிகளைக் கேட்டு வாங்கியது. கால்வாய் வெட்டவும், இடிபாடு அள்ளவும், பிணம் எடுக்கவும், வெடிக்காத குண்டைத் தோண்டவும் அவர்களை நிறுத்தியது.

சொற்களில் தொடங்கும் குழப்பம்

தமிழில் வதைமுகாம், சித்திரவதை முகாம், மரண முகாம், நாஜி முகாம் என்று எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதிவிடுகிறோம். இங்கே பிரித்துப் பார்க்காவிட்டால் பின்னால் வரும் எதுவும் புரியாது.

1. வதைமுகாம். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்த உடனே தொடங்கப்பட்டவை. நீதிமன்றம், விசாரணை, தண்டனைக் காலம் எதுவும் கிடையாது. பிடித்துப் போட்டால் போட்டதுதான். எஸ்.எஸ். எனப்பட்ட நாஜிக் காவற்படை இவற்றை நடத்தியது. டாகாவ், சாக்சன்ஹவுசன், நொயன்காமே எல்லாம் இந்த வகை.

2. அழித்தொழிப்பு முகாம். ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்செக், செல்ம்னோ. ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில், வந்து இறங்கியவர்களைக் கொல்வதற்காகவே அமைக்கப்பட்டவை. ஆஷ்விட்ஸ் இரண்டுமாக இருந்தது. வேலைக்கு ஆகும் என்று பட்டவர் ஒரு பக்கம், மற்றவர்கள் நச்சுவாயு அறைக்கு.

3. துணைமுகாம். தலைமை முகாமின் கிளை. ஆலை வாசலில், துறைமுகத்தில், பள்ளிக்கூடத்தில், எங்கு வேலை இருக்கிறதோ அங்கேயே கைதிகளை அடைத்துவைக்கும் ஏற்பாடு. 1942-க்குப் பிறகு இவை பெருகின. நொயன்காமேக்கு மட்டும் 85-க்கும் மேற்பட்ட துணைமுகாம்கள் வடக்கு ஜெர்மனி முழுக்க இருந்தன. அவற்றில் ஒரு டஜனுக்கும் மேற்பட்டவை ஹாம்பர்க் நகர எல்லைக்குள்.

4. கட்டாயத் தொழிலாளர். இது பெரிய குடை. போர்க்கைதிகள், போலந்திலிருந்தும் சோவியத் பகுதிகளிலிருந்தும் பிடித்துவரப்பட்ட பொதுமக்கள், வதைமுகாம் கைதிகள் என மூன்று தரப்பும் இதனடியில் வரும். மூன்றாம் தரப்பினரின் நிலைதான் ஆகக் கீழ். பிடித்துவரப்பட்ட தொழிலாளிக்குப் பெயரளவிலாவது கூலி என்று ஒன்று உண்டு. முகாம் கைதிக்கு அதுவும் இல்லை. பெயரும் இல்லை, எண்தான். அவர் செத்தால் இன்னொருவர் வருவார் என்ற கணக்கில்தான் வேலை வாங்கினார்கள்.

இனி வரும் பக்கங்கள் பெரும்பாலும் இந்த மூன்றாம் தரப்பைப் பற்றியவை.

ஒரு செங்கல் சூளையின் பெயரில்

ஹாம்பர்க் எல்பே ஆற்றங்கரையில் அமைந்த துறைமுக நகரம். அதன் கட்டடங்களின் அடையாளம், சுட்டுச் சுட்டு இறுகி ஊதாச் சிவப்பாக மாறிய கெட்டிச் செங்கல். கிளிங்கர் என்பது அதன் பெயர்.

பெர்லின், மியூனிக், நூரம்பர்க், லின்ஸ் ஆகியவற்றோடு ஹாம்பர்க்கையும் பிரம்மாண்டமாக மாற்றிக் கட்ட ஹிட்லர் தீர்மானித்திருந்தார். ஆற்றங்கரையில் வானளாவிய கட்சிக் கட்டடம், எல்பேயின் மேல் மாபெரும் பாலம் என்று கட்டடக்கலைஞர் கொன்ஸ்டன்டி குட்ஷோவ் வரைபடங்கள் தீட்டிக்கொண்டிருந்தார். அத்தனைக்கும் செங்கல் வேண்டும்.

அதே நேரத்தில் எஸ்.எஸ். அமைப்பு 1938-இல் சொந்தமாக ஒரு மண்-கல் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. கைதிகளை வைத்துக் கல்லுடைத்து, செங்கல் அறுத்து விற்பதே அதன் தொழில். நகரின் தென்கிழக்கு ஓரத்தில் நொயன்காமே என்ற ஊரில் மூடிக்கிடந்த ஒரு செங்கல் சூளையை அந்த நிறுவனம் வாங்கியது. 1938 டிசம்பர் 13 அன்று சாக்சன்ஹவுசன் முகாமிலிருந்து 100 கைதிகள் அங்கு கொண்டுவரப்பட்டார்கள். தொடக்கம் அவ்வளவுதான்.

1940 ஜனவரியில் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் நேரில் வந்து பார்த்தார். ஏப்ரலில் ஹாம்பர்க் நகர நிர்வாகத்துக்கும் எஸ்.எஸ். தரப்புக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்த விஷயத்தின் ஆணிவேரே அந்தக் காகிதம்தான். பெரிய புதிய சூளை கட்ட நகரம் 10 லட்சம் ரைக்ஸ்மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) கடன் கொடுக்கும். பதிலுக்கு, செங்கல் ஏற்றிச்செல்லப் படகு வரும்படி டோவெ-எல்பே என்ற கிளையாற்றை அகலப்படுத்தவும் கால்வாய் வெட்டவும் எஸ்.எஸ். கைதிகளைத் தரும். ஏறக்குறைய இதே காலத்தில்தான் நொயன்காமே தனி வதைமுகாமாக உயர்ந்தது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். களிமண் குழி என்பது பாதி நீர், பாதி சேறு. காலில் மரக்கட்டைச் செருப்பு. சேற்றில் ஒருமுறை புதைந்தால் கால் வரும், செருப்பு வராது. மண்வெட்டியால் வெட்டி, தண்டவாளத்தில் ஓடும் இரும்புத் தொட்டிவண்டியில் நிரப்பி, மேட்டை நோக்கித் தள்ள வேண்டும். மழையில் நனைந்த கோடுபோட்ட துணி இரவில் உடம்போடு ஒட்டியே காய வேண்டும். தள்ளமுடியாதவர் அடி வாங்குவார். விழுந்தவரை மற்றவர்கள் மாலையில் தூக்கிக்கொண்டு முகாமுக்குத் திரும்புவார்கள். முகாமிலேயே மிகவும் அஞ்சப்பட்டவை இந்தக் களிமண் குழிகளும் ஆறு வெட்டும் வேலையும்தான்.

அந்தப் பிரம்மாண்டக் கட்டடங்களில் ஒன்றுகூட எழும்பவில்லை. போர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

கைதியின் ஒரு நாள் விலை

1942-இல் போரின் போக்கு மாறியது. ஆண்களெல்லாம் போர்முனைக்குப் போய்விட, ஆலைகளில் ஆளில்லை. முகாம்கள் அனைத்தும் ஓஸ்வால்ட் போல் என்பவரின் தலைமையிலான எஸ்.எஸ். பொருளாதாரத் தலைமையகத்தின் கீழ் வந்தன. கைதியின் உழைப்பை அவர் ஓய்ந்து விழும்வரை கறக்க வேண்டும் என்பது அந்த ஆண்டு ஏப்ரலில் போல் விடுத்த ஆணையின் சாரம்.

ஆலைக்குக் கைதிகள் கிடைத்த வழி இது:

1. நிறுவனமோ நகராட்சித் துறையோ இத்தனை பேர் வேண்டும் என்று விண்ணப்பிக்கும். யாரும் யார் தலையிலும் கட்டவில்லை; கேட்டவர்களுக்குத்தான் கொடுத்தார்கள்.

2. தங்க இடமும் முள்வேலியும் கேட்டவர் பொறுப்பு. காவலர் எஸ்.எஸ். பொறுப்பு. 1944-இல் காவலுக்கும் ஆள் தட்டுப்பாடு வந்தபோது ஹாம்பர்க்கின் பெண்கள் முகாம்களுக்குச் சுங்க அதிகாரிகளையே காவலராக அனுப்பினார்கள். நேற்றுவரை துறைமுகத்தில் பெட்டி சோதித்தவர்கள் அவர்கள்.

3. மாதம்தோறும் கணக்கு அனுப்பப்படும். தொழில் தெரிந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 6 ரைக்ஸ்மார்க், தொழில் தெரியாதவருக்கும் பெண்களுக்கும் 4. அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போனது. கைதியின் கையில் ஒரு காசும் விழவில்லை.

4. உழைக்க இயலாமல் போனவரைத் தலைமை முகாமுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, புதிய ஆளைக் கேட்கலாம்.

நான்காவது விதியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். கட்டடம் வாடகைக்கு எடுத்தவர்கூட அதைப் பழுதுபார்க்க வேண்டும். இங்கே பழுதானதை மாற்றித் தந்தார்கள். அதனால் பட்டினி போட்டு வேலை வாங்குவதில் ஆலைக்கு நட்டமே வரவில்லை. கைதியை உயிரோடு வைத்திருக்க வேண்டிய அவசியம் அந்தக் கணக்கில் எங்குமே எழுதப்படவில்லை. உழைப்பின் வழியே அழித்தல் என்று 1942-இலேயே நாஜித் தலைவர்கள் எழுத்தில் பயன்படுத்திய சொற்றொடருக்கு நடைமுறை வடிவம் இதுதான்.

1943 ஜூலை: வானிலிருந்து வந்த தீ

1943 ஜூலை 24 முதல் ஆகஸ்ட் 3 வரை பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் ஹாம்பர்க்கைத் தொடர்ந்து தாக்கின. நடவடிக்கையின் பெயர் கொமோரா. ஜூலை 27 இரவு, உழைக்கும் மக்கள் நெருங்கி வாழ்ந்த ஹாமர்புரூக், ரோத்தன்பர்க்ஸோர்ட் பகுதிகளில் தனித்தனித் தீக்கள் ஒன்றுசேர்ந்து தீப்புயலாகின. நிலவறைகளில் பதுங்கியவர்கள் மூச்சுத் திணறியே இறந்தார்கள். அந்தத் தாக்குதல்களில் மொத்தம் 34,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சுமார் 9 லட்சம் பேர் ஊரை விட்டு ஓடினார்கள்.

ஹாம்பர்க் மக்களின் அந்தத் துயரம் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்ல இங்கே எந்த அவசியமும் இல்லை. ஆனால் நகரத்தின் நினைவில் அந்த ஜூலை இரவுகள் பதிந்த அளவுக்கு, மறுநாள் காலை இடிபாட்டுக்குள் இறக்கப்பட்டவர்கள் பதியவில்லை.

எஸ்.எஸ். கட்டுமானப் படை என்ற பெயரில் சுமார் 1,000 கைதிகள் கொண்ட ஒரு நடமாடும் முகாம் 1942 இலையுதிர்காலத்தில் நொயன்காமேயிலிருந்து உருவாக்கப்பட்டிருந்தது. பிரெமன், ஓஸ்னாப்ரூக், வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் என்று குண்டு விழும் ஊர்களுக்கெல்லாம் அதை அனுப்பினார்கள். 1943 ஆகஸ்டில் அது ஹாம்பர்க்குக்கு வந்தது. எரிந்துபோன பகுதிகளைப் பொதுமக்கள் நுழையாதபடி அடைத்திருந்தார்கள். அந்த அடைப்புக்குள் இறங்கி, நிலவறைகளைத் திறந்து, கோடை வெயிலில் அழுகிய உடல்களை வெறுங்கையோடு வெளியே எடுத்தவர்கள் இந்தக் கைதிகள். இறந்து கிடந்தது அவர்களை அடைத்துவைத்த நாட்டின் மக்கள். எடுத்தவர்களில் பலர் போலந்துக்காரர்களும் சோவியத் மக்களும்.

வெடிக்காத குண்டுகளும் அவர்கள் தலையில்தான் விழுந்தன. தெருவின் அடியில் புதைந்த குண்டைச் சுற்றிக் கையால் மண்ணெடுத்து அதை வெளிக்கொணர வேண்டும். தாமத வெடிப்பானோடு விழுந்த குண்டு எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். கைதியை அதற்கு அனுப்பியதன் காரணம் வெளிப்படையானது: அவர் இறந்தால் யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

1944: கிடங்குக்குள் வந்த பெண்கள்

1944 கோடையில் நேச நாட்டு விமானங்கள் ஜெர்மனியின் எண்ணெய் ஆலைகளைக் குறிவைத்தன. ஹாம்பர்க் துறைமுகத்தின் சுத்திகரிப்பு ஆலைகள் நொறுங்கின. அவற்றை எப்பாடு பட்டாவது மீட்டெடுக்க, எட்மண்ட் கைலன்பெர்க் என்பவரின் பொறுப்பில் ஓர் அவசரத் திட்டம் போடப்பட்டது. ஆட்கள் வேண்டுமே? ஆஷ்விட்ஸ் இருந்தது.

ஜூலையில் 1,000 யூதப் பெண்கள் அங்கிருந்து ஹாம்பர்க் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். செக் நாட்டவரும் ஹங்கேரியரும் அவர்களில் இருந்தனர். ஆகஸ்டில் போலந்தின் லோட்ஸ் நகரில் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ பகுதியிலிருந்து ஆஷ்விட்ஸுக்குக் கடத்தப்பட்டிருந்த இன்னும் 500 பெண்கள். டெஸ்ஸாவர் ஊஃபர் என்ற படகுத்துறையை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கில் அவர்களை அடைத்தார்கள். சரக்கு அடுக்கும் கூடத்தில் அடுக்குப் படுக்கைகள், வாசலில் ஆறு. காலையில் படகில் ஏற்றி ஆலைகளுக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள். வளைந்த இரும்பை இழுத்துப் போடுவதும், செங்கல் பொறுக்குவதும், எண்ணெய் ஊறிய சகதியை அள்ளுவதும் அவர்கள் வேலை.

அந்த 500 பேரில் ஒருவரை அருகே சென்று பார்க்கலாம். பின்னாளில் லூசில் ஐகன்கிரீன் என்று அறியப்பட்ட அவர் 1925-இல் ஹாம்பர்க்கிலேயே பிறந்தவர். அப்போதைய பெயர் செசிலி லாண்டாவ். தந்தை 1941 தொடக்கத்தில் டாகாவ் முகாமில் கொல்லப்பட்டார். காவல்துறை ஆட்கள் அவருடைய சாம்பலை ஒரு சுருட்டுப் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று அவரையும் தாயையும் தங்கையையும் சேர்த்து ஹாம்பர்க் யூதர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை லோட்ஸுக்கு அனுப்பினார்கள். தாய் அங்கே பசியில் இறந்தார். தங்கையைச் செல்ம்னோவுக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. மூன்றாண்டு கழித்து, மொட்டையடிக்கப்பட்ட தலையோடு, எண்ணாக, அவர் வந்து இறங்கிய இடம் தன் சொந்த ஊர். தான் பள்ளிக்கூடம் போய்வந்த ஊரின் இடிபாட்டை அள்ளத்தான் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

செப்டம்பரில் அந்தப் பெண்களை மூன்றாகப் பிரித்து சாசல், வேடல், நொய்கிராபன் என்ற இடங்களுக்கு மாற்றினார்கள். சாசலில் இருந்தவர்கள் குண்டுவீச்சில் வீடிழந்த ஹாம்பர்க் குடும்பங்களுக்காகச் சிமென்ட் பலகை வீடுகள் கட்டினார்கள். அந்த முகாமில் ஐகன்கிரீன் சில காலம் எழுத்து வேலையில் அமர்த்தப்பட்டார். கண்ணில் பட்ட காவலர்களின் பெயர்களையும் முகவரிகளையும் அவர் மனப்பாடம் செய்தார். 40-க்கும் மேற்பட்ட பெயர்கள். 1945-இல் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் விடுதலையானதும் அத்தனையையும் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் ஒப்பித்தார். பலர் கைதானார்கள்.

பெண்கள் வெளியேறிய இரண்டு நாளில் அதே கிடங்குக்குள் சுமார் 2,000 ஆண்களைக் கொண்டுவந்தார்கள். வான்வழித் தாக்குதல் வந்தால் மற்றவர்களுக்குப் பதுங்கிடம் உண்டு, கைதிகளுக்கு இல்லை. அக்டோபர் 25 அன்று விழுந்த குண்டுகளில் அங்கே 150 கைதிகள் இறந்தார்கள்.

நகர வரைபடத்தின் மேல் விரல் வைத்தால்

போரின் கடைசி ஆண்டில் ஹாம்பர்க்கில் கைதிகள் இல்லாத திசை எது என்று கேட்பதே பொருத்தம்.

துறைமுகத்தில் புளோம் உண்ட் ஃபோஸ், டாய்ச்ச வெர்ஃப்ட், ஸ்டூல்கன், ஹோவால்ட் ஆகிய கப்பல்தளங்கள். நீர்மூழ்கிக் கப்பல் கட்டிய கைகளில் கைதிகளின் கைகளும் உண்டு. வான்ட்ஸ்பெக்கில் டிரேகர் ஆலையில் பெண்கள் நச்சுவாயு முகமூடி செய்தார்கள். லாங்கன்ஹார்னில் வெடிமருந்து உறைகள்.

நகரின் பிரதான ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் ஸ்பால்டிங் தெரு. 1944 அக்டோபரில் அங்கே பல மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் சுமார் 2,000 ஆண்களை அடைத்தார்கள். தண்டவாளம் சரிசெய்வதும் இடிபாடு அகற்றுவதும் அவர்கள் வேலை. ஆறே மாதங்களில் குறைந்தது 800 பேர் அங்கு இறந்தார்கள். பசி, குளிர், அடி, காசநோய். நகரத்துக்குள் இருந்த துணைமுகாம்களிலேயே அதிகம் பேர் மடிந்த இடங்களில் இது ஒன்று, அதுவும் ஊரின் நடுமையத்தில்.

ரோத்தன்பர்க்ஸோர்ட்டில் புல்லன்ஹூசர் டாம் என்ற தெருவில் ஒரு பள்ளிக்கூடம். அதுவும் துணைமுகாம் ஆனது. இடிபாட்டுக் குப்பையிலிருந்து கட்டடக் கல் தயாரிக்கும் வேலை அங்கே நடந்தது. 1945 ஏப்ரல் 20 இரவு, காலியாகியிருந்த அந்தப் பள்ளியின் நிலவறையில் 20 யூதக் குழந்தைகளைத் தூக்கிலிட்டார்கள். காசநோய்க் கிருமியைச் செலுத்திச் சோதனை செய்ய கர்ட் ஹைஸ்மையர் என்ற மருத்துவர் பயன்படுத்திய பிள்ளைகள் அவர்கள். சாட்சி மிஞ்சக்கூடாது என்பதற்காகக் கொன்றார்கள். குழந்தைகளைப் பராமரித்த இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களையும் இரண்டு டச்சுக் கைதிகளையும், இருபதுக்கும் மேற்பட்ட சோவியத் கைதிகளையும் அதே இரவில் கொன்றார்கள். 1948-இல் அந்தக் கட்டடத்தில் மறுபடியும் பள்ளி மணி அடித்தது.

இத்தனையும் நடந்த ஊரில், யாருக்கும் தெரியாது என்ற பேச்சுக்கு எங்கே இடம்? கைதிகள் கோடுபோட்ட உடையில், தெரு வழியே, பகலில், காவலோடு நடந்துபோனார்கள். ரயிலில் ஏறினார்கள், படகில் போனார்கள். ஆலையில் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை சொன்னது ஹாம்பர்க்கின் மேஸ்திரி. இடிந்த வீட்டுக்கு ஆள் கேட்டு எழுதியது நகராட்சி அலுவலகம். ஆஷ்விட்ஸின் நச்சுவாயு அறை பற்றித் தெரியாமல் இருந்திருக்கலாம். தன் தெருவில் பட்டினியில் தள்ளாடும் மனிதரைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. சிலர் யாரும் காணாதபடி ரொட்டித் துண்டை வைத்துவிட்டுப் போனதை உயிர்பிழைத்தவர்கள் நன்றியோடு சொல்லியிருக்கிறார்கள். அந்த ரொட்டியே, பார்க்கக் கண் இருந்தது என்பதற்குச் சாட்சி.

காலியாக ஒப்படைக்கப்பட்ட முகாம்

அப்படியானால் ஆஷ்விட்ஸ், பெர்கன்-பெல்சன் அளவுக்கு நொயன்காமே ஏன் உலகுக்குத் தெரியவில்லை? இதற்குத் தெளிவான காரணம் உண்டு.

1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை நெருங்கியது. சண்டையில்லாமல் நகரை ஒப்படைக்கலாம் என்ற எண்ணம் ஹாம்பர்க்கின் நாஜித் தலைவர் கார்ல் கௌஃப்மனுக்கும் தொழிலதிபர்களுக்கும் வந்திருந்தது. நகருக்குள் எலும்பும் தோலுமான கைதிகள் வந்தவர் கண்ணில் படக்கூடாது. எனவே துணைமுகாம்கள் அவசரமாகக் காலிசெய்யப்பட்டன. நோயாளிகளையும் சாகக்கிடந்தவர்களையும் பெர்கன்-பெல்சன், சாண்ட்போஸ்டல், வோபலின் என்ற முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்த இடங்களில் உணவும் இல்லை, மருந்தும் இல்லை. போக இடமில்லாமல் மிஞ்சிய சுமார் 10,000 பேரை லூபெக் விரிகுடாவுக்குக் கொண்டுபோய்க் கப்பல்களில் ஏற்றினார்கள். அந்தக் கப்பல்களை ஒதுக்கிக்கொடுத்தவர் கௌஃப்மன்.

மே 3 அன்று பிரிட்டிஷ் விமானங்கள், துருப்புகள் தப்புகின்றன என்று நினைத்து, காப் அர்கோனா, தீல்பெக் என்ற அந்தக் கப்பல்களைத் தாக்கின. 6,600-க்கும் மேற்பட்ட கைதிகள் எரிந்தும் மூழ்கியும் இறந்தார்கள். அதே நாள் ஹாம்பர்க் அமைதியாகச் சரணடைந்தது.

நொயன்காமேயில் கடைசிவரை இருத்தப்பட்ட கைதிகள் குடிசைகளைச் சுத்தம் செய்தார்கள், ஆவணங்கள் எரிக்கப்பட்டன. பிரிட்டிஷ் படை வந்தபோது முகாம் காலி. பெல்சனில் எடுக்கப்பட்ட பிணக்குவியல் படங்களைப் போல இங்கே எடுக்க எதுவும் இல்லை. படமில்லாத முகாம் மனித நினைவில் நிற்கவில்லை.

கணக்கு பின்னர்தான் தெரியவந்தது. நொயன்காமேயிலும் அதன் துணைமுகாம்களிலும் அடைக்கப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்; 13,000-க்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். பெரிய தொகுதி சோவியத் மக்கள், சுமார் 34,000; அடுத்து போலந்து, பிரான்ஸ். இறந்தவர்கள் குறைந்தது 42,900.

பிறகு வந்த அறுபது ஆண்டுகள்

1946 மார்ச்சில் ஹாம்பர்க்கின் கூரியோ மாளிகையில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் கூடியது. முகாம் தலைவர் மாக்ஸ் பவுலி உட்பட 14 பேர் கூண்டில் நின்றனர். 11 பேருக்கு மரண தண்டனை. நின்றவர்கள் முகாமின் ஆட்கள். கைதிகளை வாடகைக்கு எடுத்த நிறுவனங்களும், விண்ணப்பம் எழுதிய நகரத் துறைகளும் அந்தக் கூண்டில் இல்லை. கௌஃப்மன் 1969-இல் இறக்கும்வரை ஹாம்பர்க்கிலேயே வாழ்ந்தார்.

முகாம் இருந்த இடத்தை என்ன செய்வது? 1948-இல் நகரம் அங்கே சிறைச்சாலை திறந்தது. கைதிகள் செத்த மண்ணில் மறுபடி கைதிகள். 1970-இல் பக்கத்திலேயே இரண்டாவது சிறை. உயிர்பிழைத்தவர்கள் தம் தோழர்களுக்கு மலர் வைக்க வந்தால் மதிலுக்கு வெளியே நிற்க வேண்டும். பிரான்ஸிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த முன்னாள் கைதிகளின் சங்கங்கள் விடாமல் கேட்டன. 1953-இல் ஒரு தூண், 1965-இல் ஒரு நினைவிடம், 1981-இல் ஆவண இல்லம் என்று துண்டு துண்டாகக் கிடைத்தன. சிறை 2003-இல்தான் மூடப்பட்டது, இரண்டாவது 2006-இல். முழு நினைவகம் 2005-இல் திறந்தபோது முகாம் முடிந்து 60 ஆண்டு ஆகியிருந்தது.

இழப்பீடும் அதே வேகத்தில்தான் வந்தது. ஜெர்மனியின் வெளிநாட்டுக் கடன்களைத் தீர்க்க 1953-இல் கையெழுத்தான லண்டன் கடன் ஒப்பந்தம் வெளிநாட்டுக் கட்டாயத் தொழிலாளர்களின் கோரிக்கைகளைத் தள்ளிப்போட்டது. பனிப்போர் முடிந்து, அமெரிக்க நீதிமன்றங்களில் ஜெர்மன் நிறுவனங்கள் மீது வழக்குகள் குவிந்த பிறகே அரசும் தொழில்துறையும் பாதிப்பாதி போட்டு 1,000 கோடி மார்க்கில் ஓர் அறக்கட்டளையை 2000-இல் அமைத்தன. 2007 வரை சுமார் 16.6 லட்சம் பேருக்குப் பணம் போனது. வதைமுகாம் கைதிக்கு அதிகபட்சம் 15,000 மார்க், ஒரே ஒரு முறை. 1999 பிப்ரவரி நடுப்பகுதி வரையிலாவது உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன் இறந்தவர்களின் வாரிசுகள் விண்ணப்பிக்க முடியாது.